குவைத்துக்கு ஒரு விரல் நூல்

குவைத்துக்கும் பம்பாய்க்கும் ஆகாய வழியில் எவ்வளவு தூரம் என்று எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் நான்தான். அக்காவின் அட்லஸில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். என் விரல் நீளம்தான் இருந்தது. அதைப் படத்தின் மூலையில் இருந்த அளவுகோலில் வைத்து, ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், விமானத்துக்கு நாலு மணி நேரம் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

இத்தனையும் என் காதுக்காக. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி குவைத்தில் வேலை பார்த்ததால், அவர் வரட்டும் வரட்டும் என்று தள்ளிப் போட்டே எனக்கு எட்டு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே மூளிக்காது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை பம்பாயில் இறங்குவதாக மாமா தந்தி கொடுத்தார்.

நாலு மணி நேரம் என்றதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது என்று அப்பா சொன்னது அவள் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தம்பிக்காக வடை சுட்டு வைத்தாள். சனிக்கிழமை அந்த வடையை நாங்கள் தின்றோம்.

ஞாயிறு காலை மண்டபத்தில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆசாரி ஊசியைத் தயாராக எடுத்து வைத்துவிட்டார். நல்ல நேரம் முடிய அரை மணி இருந்தது. அப்பா கோபுர வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து சீர் கொண்டுவர ஆளில்லாதவள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அது ஆயுசுக்கும் போகாது. எனக்கோ ஊசி மேலேயே கண்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அம்மாவிடம் வந்தாள்.

“நேரம் போவுதும்மா. எங்க வூட்டுக்காரரும் இவளுக்கு மாமன்தானே? அவரு மடியிலயே உக்கார வச்சிடலாம்.”

அத்தை புருஷன் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா என் கையை விடவில்லை. “என் தம்பி வருவான்” என்றாள்.

ஆசாரி இரண்டாம் முறை அப்பாவைப் பார்த்தபோது மாமா ஓடி வந்தார். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி, தோளில் ஒரே ஒரு பை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி தங்கத் தோடு எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். குவைத் பெட்டி எங்கே என்று அத்தை கேட்டது அவருக்குக் கேட்கவில்லை போலும். ஊசி இறங்கியபோது நான் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். கடிகாரம் இருந்த இடம் மட்டும் அங்கே வெளுத்திருந்தது.

அழுகை ஓய்ந்ததும் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். “திரும்பிப் போறதுக்கும் நாலு மணி நேரந்தானே மாமா?”

“போறதுக்குத் தூரம் ஜாஸ்திமா” என்றார்.

கம்பெனியை மூடி ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்று அன்று சாயங்காலம் அடுப்படியில் அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தோடு வாங்கப் பணம் ஏது என்று அம்மா கேட்டாள், கடிகாரம் எங்கே என்று கேட்டாள், அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனாலும் நான் அட்லஸை விரித்து, இந்த முறை பம்பாயிலிருந்து குவைத்துக்கு நூலைப் பிடித்துப் பார்த்தேன். அதே ஒரு விரல் நீளம்தான். பாவம், மாமாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.