பொருள் வரியில் நான் எழுதியது

பெயரும் முகவரியும் இல்லாத மனுவின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. படித்துப் பார்த்து, கோப்பில் சேர்த்து, முடித்துவிடலாம். நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகத்தில் இது எழுதிவைத்த விதி. நல்ல விதி என்றும் சொல்வேன். அது இல்லாவிட்டால் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களே மாவட்டத்தை நடத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த விதிப்படி, தென்னூர்ப் பெண்மணியின் மின்னஞ்சலை நான் வந்த அன்றே முடித்திருக்க வேண்டும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ படம். கையெழுத்துக்குப் பதில் ‘ஒரு சகோதரி’. முகவரி ‘திருச்சி, தென்னூர் பக்கம்’ என்ற அளவோடு நின்றது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் சேர்ந்திருக்கும் இடத்துக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி இப்படித்தான் வரும். முழுப் பெயரும் பட்டமும் போட்டு எழுதுகிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பெண் தாம்பத்திய ஆலோசனை மையம் நடத்துகிறார். நர்ஸாக இருந்து, பிறகு இதற்கென்றே படித்தவர். வயது வந்த இருவர் மனமொத்துச் சந்தோஷமாக இருப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, ஒளித்துப் பேசவும் ஒன்றுமில்லை, அதுவும் ஆரோக்கியத்தில் சேர்ந்ததுதான் என்பது அவர் கட்சி. தம்பதிகளோடு வீடியோவில் பேசுவார். கூடவே இணையத்தில் ஒரு கடை உண்டு: ஆணுறை, வறட்சிக்கான ஜெல், இன்னும் சில சாதனங்கள். அவருக்கு வரும் மின்னஞ்சல்களைப் பிரிப்பது, பேசுவதற்கு நேரம் ஒதுக்குவது, பதில் தயாரித்து அவர் ஒப்புதல் வாங்கி அனுப்புவது, பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, இவ்வளவையும் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் செய்கிறேன். வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று இதற்குப் பெயர். நாங்கள் இதை ‘தபால் பிரிவு’ என்று சொல்வோம்.

அவர் என்னைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் ஒரு பழைய கோப்பு.

“சார், எங்கம்மாவோட ஃபேமிலி பென்ஷன் ஃபைலை நீங்கதான் முடிச்சுக் குடுத்தீங்க. லெட்டரைப் படிச்சதும் எழுதினவங்க என்ன கேக்கறாங்கன்னு புரிஞ்சுக்கற ஆள் எனக்கு வேணும். ஆனா என் தொழில் என்னன்னு முழுசாக் கேட்டுட்டு முடிவு சொல்லுங்க.”

முழுசாகக் கேட்டேன். “இதுல விதிமீறல் ஏதும் இருக்கா?” என்றேன்.

“இல்ல சார்.”

“அப்ப சரி.”

என் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம் ‘இதை நீங்களே படிச்சுக்குங்க’ என்று தாண்டிப் போனதை அவளே ஒப்புக்கொள்வாள். வேலையைப் பற்றிச் சொன்னதும் அரிவாள்மணையில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“இத்தனை வருஷத்துல இதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. ஊருக்குப் பதில் சொல்லப் போறீங்களாக்கும்.”

“பதிலைத் தயார் பண்றதுதான் நான். சொல்றது அவங்க.”

“அதானே. கையெழுத்து மட்டும் எப்பவும் வேற யாராவது போடணும் உங்களுக்கு.”

பெண்கள் எழுதும் கடிதங்களுக்கு ஒரு பெண்ணின் பார்வையும் வேண்டும் என்று கோயம்புத்தூரில் இருந்து கேட்டபோது, அவளையே சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். படிப்பதை வெளியே சொல்வதில்லை என்று ஓர் உறுதிமொழிப் படிவம் தயாரித்து, இரண்டு பிரதிகளில் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். “கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேப்பர் இல்ல,” என்றபடி போட்டாள். மாடி வீட்டு மாமி மட்டும், கோயம்புத்தூர் கம்பெனி என்றால் மோட்டார் பம்ப்தான் என்று தானாக முடிவு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை.

அசிங்கமாக எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு, ‘தங்கள் மனு பரிசீலனைக்கு உரியதன்று என அறிவிக்கலாகிறது’ என்று ஒரு வரி. இதுவரை யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

தென்னூர்க் கடிதம் வைகாசியில் வந்தது. அதை மேஜையில் வைத்து இருவரும் படித்தோம்.

‘கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. உடம்பு நல்லா தேறிடுச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்கு அவர் ஹால்ல பாயைப் போட்டார். இன்னும் உள்ளே வரல. கோவம் எல்லாம் இல்லைங்க. காலைல காபி போட்டுக் குடுக்கறார், மாத்திரை எடுத்து வைக்கிறார். நானாக் கூப்பிட்டா, இந்த வயசுல இவளுக்கு என்ன வந்துச்சுன்னு நினைச்சுட்டார்னா, அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து ஒரே வீட்ல எப்படி இருக்கறது? கூப்பிடலாமா, கூடாதா, அது மட்டும் சொல்லுங்க. போன் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கால் பண்ணிடாதீங்க.’

கால் பண்ணக் கூடாது என்பதைச் சிவப்பு மையில் குறித்துவைத்தேன். பிறகு பதில் எழுதத் தொடங்கினேன். ‘தாங்கள் கோரியுள்ள விவரம் தொடர்பாகத் தெரிவிக்கலாவது...’

மனைவி என் தோளுக்கு மேலிருந்து படித்தாள். “இதைப் படிச்சா அவங்களும் ஹால்ல போய்ப் படுத்துக்குவாங்க. முதல்ல, நீங்க கேட்டதுல தப்பு ஒண்ணுமே இல்லன்னு போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

போட்டேன். அவளுக்கும் அதே அறுவை சிகிச்சை நடந்திருந்தது, நான் பணியில் இருந்த காலத்தில். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன்.

“அன்னிக்கு டிஸ்சார்ஜ் பண்ணும்போது நீங்க டாக்டர்கிட்ட என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?”

“என்ன கேட்டேன்?”

“மருத்துவச் செலவைத் திரும்ப வாங்கறதுக்கு சர்டிபிகேட்ல சீல் சரியா விழலன்னு கேட்டீங்க.”

“சீல் சரியா விழலதான்.”

“ஆமா,” என்றாள். சிரித்தாள். என் முன்நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, “எழுதுங்க,” என்றாள்.

கோயம்புத்தூர்க்காரர் மருத்துவ விஷயங்களைச் சேர்த்துத் தந்தார்: ஒருமுறை டாக்டரிடம் காட்டி, உள்ளே நன்றாக ஆறிவிட்டது என்று தெரிந்துகொண்டால் போதும், அதற்குமேல் தடை எதுவும் இல்லை, வறட்சி இருந்தால் அது இயல்பு, ஜெல் உதவும். கடைசி வரியை என் மனைவி சொன்னாள். ‘எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூப்பிட வேண்டியதில்லை. உள்ளே வந்து படுங்க என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.’

நல்ல பதில். அதை அனுப்பும்போதுதான், முப்பது வருடத்துக்கும் மேலாக நான் கட்டிக்காத்த ஒரு பழக்கம் வேலையைக் காட்டியது. கடிதத்தின் பொருள் வரியைப் பார்த்தாலே, உள்ளே திறக்காமல், விவகாரம் முழுக்கப் புரிய வேண்டும். இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எத்தனையோ பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே எழுதினேன்:

‘பொருள்: கர்ப்பப்பை அகற்றிய பின் தாம்பத்திய உறவு – கணவர் ஹாலில் உறங்குவது – அறிவுரை வழங்குதல் – தொடர்பாக.’

கீழே ‘பார்வை: தங்கள் மின்னஞ்சல்’ என்றும் போட்டு, முறைப்படி என் மனைவிக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

அப்போது மாடி வீட்டு மாமி எங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மனைவியின் போன் மேஜைமேல் இருந்தது. ‘டிங்’ என்றது. திரை வெளிச்சமாகி, பொருள் வரி முதல் எழுத்தில் இருந்து ‘தொடர்பாக’ வரை பளிச்சென்று நின்றது. பூட்டைத் திறக்காமலே. என் மனைவி மாமியின் கையில் இருந்த டபராவை வாங்கிப் போன்மேல் வைத்து மறைத்தாள்.

“என்னடி, இன்னும் குடிச்சு முடிக்கலயே,” என்றார் மாமி.

“ஆறிடுத்து மாமி. வேற போட்டுத் தரேன்.”

அடுப்படிக்குப் போகும் வழியில் அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான், தென்னூரில் இதே நேரத்தில் இன்னொரு போன் எங்கே இருக்கும், யார் கையில் இருக்கும் என்பது எனக்கு உறைத்தது. பார்சலில் எதுவும் அச்சடிக்காத பழுப்புப் பெட்டிதான் போக வேண்டும் என்பதில் என்னைவிடக் கண்டிப்பானவர் யாரும் இல்லை. அப்படிப்பட்ட நானே இந்தக் கடிதத்தில் உள்ளே இருப்பதைப் பெட்டிமேல் எழுதி அனுப்புகிறேன் என்று அனுப்பும்போது தோன்றவில்லை.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து சொன்னேன்.

“இனிமே பொருள்ல ‘உங்கள் கேள்வி’ன்னு மட்டும் போடுங்க சார். பொருள் வரியை யாராவது இவ்வளவு நீளமா எழுதுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அதான் சொல்லல.”

“மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சார். அதுவும் அதே போனுக்குத்தான் போகும். அவங்களா எழுதற வரைக்கும் நாம எதுவும் அனுப்பக் கூடாது.”

பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம், அதற்கும் வராவிட்டால் இரண்டாவது நினைவூட்டு. என் பணிக்காலமே இப்படித்தான் ஓடியது. முதல்முறையாக, நினைவூட்டு அனுப்பக் கூடாத ஒரு கோப்பு கையில் இருந்தது. தினமும் காலையில் அஞ்சல் பெட்டியைத் திறந்து ரோஜாப்பூவைத் தேடினேன். வரவில்லை. ஆனி முழுக்க வரவில்லை.

கூப்பிடலாமா என்று கேட்கவே எத்தனை நாள் யோசித்தாரோ. அந்தக் கேள்வியைக் கணவரிடம் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவருக்கு மட்டும் உரியது. அதை நான் பிடுங்கி, அலுவலகத் தமிழில், திரையில் ஏற்றிவிட்டேன். அவர் பயந்தது நடந்திருந்தால்? முகத்தைப் பார்க்க முடியாமல் இருவரும் ஒரே வீட்டில் இருந்தால்?

மூக்குக் கண்ணாடியின் காது ஒடிந்தது. ஸ்ரீரங்கத்தில் சரிசெய்யலாம். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் தென்னூர் போனேன். எதற்கென்று எனக்கே விளங்கவில்லை. அந்தத் தெருக்களில் எல்லா வீட்டிலும் ஹால் இருந்தது. திறந்திருந்த கதவு வழியே, சுருட்டிச் சுவரோரம் நிறுத்தின பாய் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “யாருங்க வேணும்?” என்றார். கண்ணாடிக் கடைக்கு வழி கேட்டேன். கடை எதிரிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“தென்னூரா?”

“கண்ணாடி...”

“சரி, உட்காருங்க.” தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாத்திரை எடுத்து வைக்கிற மனுஷன் அவர். படிச்சிருந்தாலும் கத்தியிருக்க மாட்டார்.”

“அது அனுமானம்.”

“அனுமானம்தான். இருக்கட்டுமே.” என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஜன்னல் கம்பியின் துரு ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கையை விடவில்லை. அன்று நான் தபால் பிரிவை மாலையில் திறக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் ரோஜாப்பூ வந்திருந்தது. எழுதியவர் அந்த அம்மாள் அல்ல.

‘ஐயா, நான் அவங்க வீட்டுக்காரர். போன்ல உங்க லெட்டரைப் பார்த்தேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு இருந்ததால ஆஸ்பத்திரில இருந்து வந்த ஆர்டர்னு நினைச்சுத் திறந்துட்டேன். முழுக்கப் படிச்சேன். ஆபரேஷன் அப்போ, கொஞ்ச நாள் தள்ளி இருங்கன்னு டாக்டர் சொன்னாங்க. எத்தனை நாள்னு சொல்லல. கேக்க எனக்குக் கூச்சம். அவளுக்கு வலிக்குமோன்னுதான் ஹால்ல இருந்தேன். அவளுக்கு வேண்டாம்போலன்னு நானும், எனக்கு வேண்டாம்போலன்னு அவளும் இருந்திருக்கோம். படிச்சதை அவகிட்ட சொல்லவே எனக்குப் பல நாள் ஆச்சு. அவளுக்கு முதல்ல ரொம்பக் கோவம், உங்க மேலயும்தான். அப்புறம் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போய்க் கேட்டோம். நல்லா இருக்குன்னுட்டாங்க. பாயைப் பரண்ல போட்டாச்சு.’

விலக்க மறந்த தடை உத்தரவுக்கு அந்த மனிதர் ஒரு வருடத்துக்கு மேல் கீழ்ப்படிந்திருக்கிறார். இவரைப் போல ஒருவர்கூட என் பிரிவில் வேலை பார்த்ததில்லை.

கீழே, வேறு கை தட்டியது போல இன்னும் இரண்டு வரி இருந்தது. ‘சார், எங்க வீட்ல சரியாப் போச்சு. எல்லா வீட்லயும் அப்படி இருக்காது. பொருளைச் சின்னதாப் போடுங்க.’

மனைவியைக் கூப்பிட்டேன். காவிரிக்குக் கொண்டுபோகக் கலந்த சாதங்களைத் தூக்கில் அடைத்துக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்று படித்தாள். கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு முழங்கையால் என் தோளை லேசாக இடித்தாள்.

வந்த தபாலில் பெற்ற தேதியை வலது மூலையில் குறிக்க வேண்டும் என்பது விதி. மின்னஞ்சலுக்கு மூலை இல்லாததால் நாட்காட்டித் தாளில் குறித்தேன்: பெறப்பட்டது, ஆடி பதினெட்டு.