மூன்று மாதம் போடாத கையெழுத்து

தாராவிக் குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுச் செல்வியைக் குடத்தால் அடித்துவிட்டேன். அவள் மணிக்கட்டு முறிந்தது. கோர்ட்டில் என் வயதைப் பார்த்து ஜெயிலுக்கு அனுப்பவில்லை. மாதம் ஒருமுறை நன்னடத்தை அதிகாரி ஆபீசுக்குப் போய்ப் பதிய வேண்டும் என்றார்கள்.

தவறாமல் போனேன். அங்கே பியூன் மைப்பெட்டியை நீட்டி, "அங்கூட்டா லகாவ்" என்று கட்டைவிரலைக் கேட்பான். பெயரெழுதக் கற்றவள் நான், கைநாட்டு வைப்பேனா? எழுதினாலோ நேரமாகும், வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். முகத்தைக் காட்டினால் போதுமென்று அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மூன்று மாதமாக நான் வரவே இல்லை என்று ரிஜிஸ்டர் சொன்னது. ஏன் ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது.

விசாரணைக்கு முன்னால் இலவச வக்கீலம்மா வீட்டுக்கே வந்து, "நீங்க அங்க போனத பாத்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். பியூன் மேல் பழியைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற செல்வி சொன்னாள்: "நான் பாத்தேன். அந்த ஆபீஸ் வாசல்லதான இட்லி விக்கேன். என்னக் கண்டதும் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டுப் படியேறுவாவ."

"எனக்காவ நீ கோர்ட்டுக்கு வருவியாட்டி?"

"வாரேன் அத்தே. நீங்களும் வெக்கத்துலதான் எழுதலன்னு ஒள்ளத சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அவளும் சொன்னாள். ஜட்ஜ் எச்சரித்து அனுப்பினார்.

இப்போதெல்லாம் பேனாவைக் கேட்டு வாங்கி, எத்தனை பேர் காத்திருந்தாலும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். வெளியே வந்து, செல்வியின் இட்லிப் பாத்திரத்தை ஒரு பக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிடுகிறேன். அந்தக் கையால் அவளுக்கு இன்னும் கனம் தூக்க முடிவதில்லை.