வெள்ளிக்கிழமைப் பிரியாணி

போன வெள்ளிக்கிழமை எங்கள் மேயர் தன் வீட்டில் ஒரு விருந்து வைத்தார். ஊர் நன்மைக்காகப் போனேன் என்று எழுத ஆசைதான்... பிரியாணிக்காகப் போனேன்.

உண்மையில் அவர் பிரதேச சபைத் தலைவர். ஊருக்கு மேயர். புத்தளம் கரையில் எங்கள் ஊரை மேய்ப்பதென்றால் சும்மாவா? புத்தரின் பன்சலையில் பூசை, கோயிலில் பொங்கல், சர்ச்சில் கொடியேற்றம், பள்ளிவாசலில் கந்தூரி — எல்லாவற்றிலும் முதல் வரிசைக் கதிரை இவருக்குத்தான். இருபது வருடத்தில் ஒற்றுமை வளர்ந்ததோ இல்லையோ, அவருடைய சீனி வருத்தம் நன்றாக வளர்ந்தது.

ஒன்று மட்டும் அவருக்குச் சரிவரவில்லை. கரைக்குப் போகும் ஒழுங்கை. அதற்குள் ஐஸ் லொறி நுழையாது. அந்தோனி அண்ணன் மீனைச் சைக்கிளில் உருட்டி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி பழுதாகிவிடும். பள்ளிவாசல், கோயில், சர்ச், பன்சலை — ஒழுங்கையோரத்து நாலு மதிலும் மூன்றடி பின்னால் போனால் போதும். "மற்றவர் முதலில் இடிக்கட்டும்" என்று நாலு தரப்பும் ஒரே குரலில் சொல்லும். சர்ச் சார்பில் அப்படிச் சொல்வதும் இதே அந்தோனி அண்ணன்தான்.

அந்த ஞாயிறோடு மேயரின் பதவி முடியவிருந்தது. கடைசி வேலை நாளில் பள்ளிவாசல், கோயில், சர்ச் ஆட்கள் மூன்று பேரை ஒரே சஹனை, அந்தப் பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார வைத்து, பன்சலைப் பிக்கு ஹாமதுருவுக்கு வெள்ளைத் துணி விரித்த தனிக் கதிரையும் போட்டால் மதிலை இடிக்கக் கையெழுத்து விழும் என்று நம்பினார். ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன் எழும்பிப் போய்ச் சண்டை பிடிப்பானா?

ஜும்ஆத் தொழுகை முடிந்து நாங்கள் வர ஒன்றேகால். ஹாமதுரு பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பிடமாட்டார். கோயில் தலைவருக்கு வெள்ளியென்றால் மரக்கறிதான். அந்தோனி அண்ணனுக்குத் தவக்காலம், இறைச்சி ஆகாது. ஆட்டிறைச்சி வாசம் வீதி வரைக்கும் போனது... தொட ஆளில்லை. மற்றவர்கள் தொடாத சஹனில் பள்ளிவாசல் தலைவர் மட்டும் எப்படிக் கை வைப்பார்?

உள்ளேயிருந்து மேயரின் மனைவி கேட்டார். "எல்லார்ட பெருநாளும் மனப்பாடம் எண்டீங்களே. வெள்ளிக்கிழமைய மட்டும் மறந்துட்டீங்களா?"

மேயர் சஹனை மூடி வைத்தார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஹாமதுருதான் மெல்லக் கேட்டார். "மேயர் மஹத்தயா, பிளேன் டீ இரிக்கா? பால் போடாததால அது எனக்கும் குடிக்க ஏலும்."

வந்தது. வெறும் வயிற்றில் எல்லோரும் குடித்தோம். பசியோடு எவ்வளவு நேரம்தான் மதிலைப் பற்றிக் கதைப்பது?

"தாங்க, கையெழுத்து வெக்கிறன். வீட்ட போய்ச் சாப்பிடணும்" என்றார் பள்ளித் தலைவர்.

"ஓம், நானும்தான்" என்றார் அந்தோனி அண்ணன். மற்ற இருவரும் பேனைக்குக் கை நீட்டினார்கள்.

இருபது வருடம் விருந்து வைத்து முடியாத காரியம், ஒரு மத்தியானம் பட்டினி போட்டதில் முடிந்தது. திங்கட்கிழமை மதிலின் முதல் கல்லைப் பெயர்த்தது அந்தோனி அண்ணன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முன்னாள் மேயரின் கண் கலங்கியது. தூசி என்றார்.

அந்தப் பிரியாணி? எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது... ஒற்றுமைக்காக நானும் ஏதாவது செய்ய வேண்டாமா?