சல்லிக்குப் போன ஐஸ் பெட்டி

காலை எட்டு மணிக்குத் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். சல்லி என்ற மீனவக் கிராமம் வடக்கே ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஓட்டோக்காரர் போய்வர முந்நூறு ரூபாய் கேட்டார். சண்டை சற்று ஓய்ந்திருந்த காலம்; ஆனாலும் இராணுவக் காவலரணில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம்.

என்னோடு வந்தவர் அன்னா, ஐரோப்பிய உதவித் திட்ட அதிகாரி. நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். வளர்ந்த பகுதிகளின் பணத்தைப் பொதுவில் சேர்த்துப் பின்தங்கிய பகுதிகளுக்குப் பாலமும் தெருவும் போடுவது ஐரோப்பாவின் கொள்கையாம். அவருடைய மலைக்கிராமத்துக்கும் அப்படித்தான் பாலம் வந்ததாம். அதே அளவுகோலோடு, மீன் பழுதாகாமல் வைக்கச் சல்லி மாதர் சங்கம் கேட்ட ஐஸ் அறையைக் கொடுப்பதா என்று தீர்மானிக்க வந்திருந்தார்.

ஒன்பதரைக்குச் சல்லி. வாசலில் தோரணம், வெள்ளை விரித்த கதிரைகள், பட்டுச்சேலையில் சங்கத் தலைவி மலரக்கா. பெரிய பெட்டியில் ஐஸ். அதற்குள் பாரை மீனும் சோடாப் போத்தல்களும்! இல்லாமையைக் காட்டவேண்டிய நாளில் எல்லாவற்றையும் இரவலாகவும் விலைக்கும் வாங்கி அடுக்கியிருந்தார்கள். விருந்தாளி வந்தால் எங்கள் ஆட்களுக்குப் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

அன்னா பெட்டியைப் பார்த்தார். "ஐஸ் இருக்கிறதே, பிறகேன் அறை?"

தமிழில் கேட்டேன். மலரக்காவின் முகம் கறுத்தது.

"உங்களுக்கெண்டு காலமை டவுணில வாங்கினது, தம்பி. அரைவாசி காவலரணிலயே தண்ணியாப் போச்சு. மற்ற நாளில ஐஸ் இல்லை. யாவாரி சொல்லுற விலைக்குக் குடுக்காட்டி மீன் பழுதாப்போம். எல்லாத்தையும் சொல்லுங்கோ."

சொன்னேன். அன்னா படிவத்தில் 'பின்தங்கிய பிரதேசம்' என்ற கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் வாசித்துக் காட்டியதும் மலரக்கா பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"உதில கையெழுத்து வைக்க ஏலாது. நாங்கள் பின்தங்கின ஆக்களில்லை. கடலிருக்கு, மீனிருக்கு, தொழில் தெரியும். வழியைத்தான் மறிச்சு வைச்சிருக்கினம். அப்பிடி எழுதச் சொல்லுங்கோ."

"அக்கா, ஐஸ் அறை கைவிட்டுப் போகப்போகுது" என்று கெஞ்சினேன்.

"போனாப் போகட்டும்."

சொன்னேன். அன்னா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எங்கள் ஊரையும் பின்தங்கியது என்றுதான் எழுதினார்கள். பாலத்துக்காக அப்பா கையெழுத்து வைத்தார். பிறகு அந்தப் பாலத்தில் அவர் நடந்ததேயில்லை."

அடையாளத்தை வெட்டிவிட்டு, கீழே 'வழி மறிக்கப்பட்ட பிரதேசம்' என்று தன் கையால் எழுதினார். மலரக்கா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பினோம். ஐஸ் அறை கிடைக்குமா என்று அன்னாவுக்கே தெரியாது. எனக்கோ பெருமையில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கூடவே வெட்கமும். எத்தனையோ கூட்டங்களில் என் மாவட்டத்துக்குப் 'பின்தங்கிய' என்ற அந்தச் சொல்லைக் கூசாமல் மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒருநாளும் பேனையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.