எலுமிச்சம்பழம் உருளாத உயரம்

கேரவனில் கடலுக்குப் போகிறோம் என்று போனில் சொன்னதும் கோயம்புத்தூரிலிருந்து அம்மா கேட்டார்: "அது சினிமாக்காரங்க உக்கார்ற வண்டியில்ல கண்ணு?"

"இல்லம்மா, இது சின்னது. காருக்குப் பின்னாடி கோத்து இழுத்துட்டுப் போறது."

"அப்படின்னா பாத்துப் போங்க."

எப்படிப் பார்த்துப் போவது என்றுதான் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கணவரின் அலுவலக நண்பர் இரவலாகக் கொடுத்த வண்டி அது. இரண்டு சக்கரம், உள்ளே ஒரு படுக்கை, ஓர் அடுப்பு மேடை. மகளுக்கு மூன்று வயது, கடலைப் பார்த்ததில்லை. புனேயிலிருந்து கொங்கண் கரைக்கு மலைச்சாலையில் இறங்க வேண்டும். கேரவன் மட்டமாக நிற்காவிட்டால் ஓட்டத்தில் வால் ஆட்டும், அதிலும் முன்பக்கம் தூக்கி நின்றால் இன்னும் மோசம் என்று படித்திருந்தேன். மட்டமில்லை என்றால் குழந்தையோடு கிளம்ப மாட்டேன் என்று கணவரிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

எல்லாம் காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டோபாரின் உயரத்தில் இருக்கிறது. அதன் முனையிலுள்ள இரும்புக் குண்டின்மேல்தான் கேரவனின் மூக்கு வந்து உட்காரும். குண்டை ஏற்றி இறக்க, தகட்டில் வரிசையாகத் துளைகள். வெள்ளிக்கிழமை மாலை மகர்பட்டாவில் எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில் வண்டியைக் கோத்து, கேரவன் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். குமிழி சரியாக நடுவில் நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சாமான் ஏற்றினோம். ஏற்றினேன் என்பதே சரி. குழந்தைக்கு வெளித்தண்ணீர் ஆகாது என்று இரண்டு பெரிய தண்ணீர் கேன்கள், அரிசி மூட்டை, குக்கர், இட்லிப் பாத்திரம், தூக்கு நிறைய மாவு. எல்லாம் காரின் டிக்கியில். மேல்மாடியில் இருக்கும் மராத்திக் காகா நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, "க்யா பாபி, கர் காலி கர் ரஹே ஹோ?" என்றார். வீட்டைக் காலி செய்யவில்லை, இரண்டு நாள்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழங்களுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றை எடுத்துக் கேரவனுக்குள் தரையில் விட்டாள். அது விறுவிறுவென்று முன்பக்கம் உருண்டு சுவரில் முட்டியது.

"அம்மா, பழம் ஓடுது!"

"ஏங்க, இங்க வாங்க. மட்டமில்லீங்க."

"நேத்துத்தான பாத்தோம்?"

"இன்னைக்கு ஓடுதே!"

அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். பிறகு காரின் பின்னால் போய்க் குந்தினார். "நேத்து டிக்கி காலி. இன்னைக்கு அதுக்குள்ள பாதி சமையல்கட்டு இருக்கு. கார் பின்னாடி அமுங்கிருச்சு."

"என்னாலயா?"

"உன்னால இல்ல, உன் குக்கரால."

குண்டை ஒரு துளை மேலே ஏற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் ஸ்பானர் வாங்கப் போனார். திரும்பி வந்து, கேரவனைக் கழற்றி, குண்டை ஏற்றி, மறுபடி கோத்தார். மகள் பழத்தை விட்டாள். இப்போது அது பின்பக்கம் ஓடியது. மூக்கு தூக்கி நிற்கிறது. நான் பயந்த அதே நிலை.

"ஒரு துளை இவ்வளவு தூக்குமா?" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏங்க... தண்ணி கேனை மேல வீட்டுல வச்சுட்டேன்."

"எப்ப?"

"நீங்க ஸ்பானர் வாங்கப் போனப்ப. அரிசியையும். நான்தான அதிகமா ஏத்திட்டேன்னு..."

ஸ்பானரோடு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "நீ எறக்குவ, நான் ஏத்துவேன். பாப்பாவுக்குத் தண்ணி?"

"லிஃப்ட்ல கீழ வரப்ப அதைத்தான் நானும் யோசிச்சேன்."

கேன்களைத் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் இறக்கியபோது உள்ளே காகா. "ஜா ரஹே ஹோ யா ஆ ரஹே ஹோ?" போகிறோமா வருகிறோமா என்று எனக்கே தெரியாததால் சிரித்து வைத்தேன்.

எல்லாம் பழையபடி டிக்கிக்குள் போனதும் மகள் பழத்தைத் தரையில் வைத்தாள். நின்றது. விரலால் தள்ளினாள், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. "ஓட மாட்டேங்குது" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவு அழகாக ஓடாத பழத்தை நான் பார்த்ததில்லை.

"போலாங்க" என்றேன்.

அந்த ஒரு பழத்தை மட்டும் அவள் நசுக்கத் தரவில்லை. ஒரு சக்கரம் பழமில்லாமலேயே கிளம்பியது. பரவாயில்லையா என்று மலைச்சாலை முடியும்வரை யோசித்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். கேரவன் ஆடாமல் அசையாமல் எங்கள் பின்னால் வந்தது.

கடற்கரையில் இறங்கியதும் மகள் ஈர மணலில் பழத்தை வைத்தாள். அது அலையை நோக்கி உருண்டது. அவள் இடுப்பில் கைவைத்துத் தன் அப்பாவைக் கூப்பிட்டாள்:

"ஏங்க, மட்டமில்லீங்க!"