பதில் சொன்ன வடக்கு அறை

"அக்கா, கொஞ்சம் நேர்ல வந்துட்டுப் போங்க. போன்ல சொன்னா சிரிப்பீங்க..."

பழைய வீடுகளை வாங்கி, புதுப்பித்து, வாடகைக்கு விடுவது எனக்கும் என் கணவருக்கும் தொழில். குடியிருப்பவர்கள் போன் செய்தாலே முதலில் மோட்டார்தான் ஞாபகம் வரும். அடுத்தது கசிகிற குழாய். ஆனால் அன்றைக்கு ஸ்டெல்லாவின் குரலில் இருந்தது பயம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஓட்டு வீடு அது. போன வருடம் வாங்கினோம். ஓடு மாற்றி, வயரிங் புதிதாக இழுத்து, பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்ததும் வீட்டுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஸ்டெல்லா குடும்பம் குடிவந்தது. கணவர் அருளுக்கு மேட்டூரில் கம்பெனி வேலை. ஒரு கைக்குழந்தை.

நான் போனபோது நல்ல வெயில். ஸ்டெல்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"வடக்கு ரூம்ல சாயங்காலம் ஜெபமாலை சொல்றோம்லக்கா... நாங்க ஆமென்னு முடிச்சப்புறம் இன்னொரு ஆமென் வருது."

"எதிரொலிம்மா. ரூம்ல சாமான் கம்மி."

"எதிரொலின்னா உடனே வரணும்லக்கா? இது யோசிச்சிட்டு வருது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு கட்டில், தொட்டில், சுவரில் மாதா படம். ஃபேனை நிறுத்தினேன். அறை நடுவில் நின்று, "யாருங்க?" என்றேன்.

ஒன்றும் இல்லை.

பார்த்தாயா என்று திரும்பியபோது, என் காலுக்கடியில் இருந்து வந்தது... "ங்க."

என் குரல் மாதிரிதான் இருந்தது. மாதிரிதான்!

ஸ்டெல்லாவை அப்போதே அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டை எங்களுக்கு விற்ற ஈஸ்வரியைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்குக் காரை விட்டேன். ஐம்பது தாண்டிய விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. கலகலப்பானவர். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் கேட்டதும் கொஞ்சம் அடங்கிப் போனார்.

"அந்த வடக்கு ரூமுங்களா? அதுல நாங்க யாரும் படுக்க மாட்டமுங்க. மாமனார் உடமாட்டாரு. காலிச் சாக்கு, கூடை போட்டு வெக்கறதோட சரி."

"ஏனுங்க?"

"நானும் கேட்டனுங்க, கல்யாணமாகி வந்த புதுசுல. 'அங்க பேச்சுக் குடுக்காத சாமி'ன்னாரு. அதுக்கு மேல சொல்லலைங்க. அவரும் போய்ச் சேந்துட்டாரு."

"ஊட்ட விக்கறப்ப எங்ககிட்டச் சொல்லலையேங்க?"

"நீங்க கேக்கலைங்களே!"

நியாயம்தானே? பட்டா கேட்டோம். வில்லங்கச் சான்றிதழ் கேட்டோம். கரையான் இருக்கிறதா என்று உத்தரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். இதை யார் கேட்பார்கள்?

மறுநாள் காலை எங்கள் மேஸ்திரி பழனி ஆட்களோடு வந்தார். கட்டிலையும் தொட்டிலையும் வெளியே எடுத்துவிட்டு, தரையை உடைக்கச் சொன்னேன். டைல்ஸ். அதற்குக் கீழே பழைய சிமென்ட். அதற்கும் கீழே கீறல் விட்ட பலகைக்கல். கல்லை நெம்பியபோது கடப்பாரை பழனியின் கையை விட்டு நழுவி உள்ளே போனது.

தொபுக்கென்று தண்ணீரில் விழுகிற சத்தம்.

கிணறு!

குறுக்கே பனஞ்சட்டம் போட்டு, கல்லை அடுக்கி, அதன்மேல் அறை கட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் முனையைப் பழனி கிள்ளிப் பார்த்தார். மாவாக உதிர்ந்தது. தொட்டில் தொங்கியது சரியாக அதற்கு மேலேதான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கம் நிம்மதியும் வந்தது. சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதல்லவா?

"பழனி, அதான் எதிரொலி. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க."

பழனி குனிந்து, "ஓய்!" என்றார்.

காத்திருந்தோம்.

"ஓஓய்!"

எதுவும் வரவில்லை. அவர் டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்பாக, அசையாமல், கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றது தண்ணீர்.

"மேல வரைக்கும் தண்ணி நிக்குதுங்க மேடம். இதுல எங்கிருந்து எதிரொலி வரும்?"

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்லும் மணலும் கொட்டிக் கிணற்றை மூடினோம். மேலே கம்பி கட்டி கான்கிரீட் போட்டோம். சாதாரணமாக வேலை நடக்கிற இடத்தில் பாட்டும் கேலியுமாக இருக்கும். அந்த வேலை முடிகிறவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட வெளியே வந்துதான் கேட்டார்கள்.

அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த ஸ்டெல்லாவிடம் வேறு வீடு பார்த்துத் தருவதாகச் சொன்னேன். அவள் புதுத் தரையில் காலை ஊன்றி, அழுத்திப் பார்த்தாள்.

"அவரும் காலி பண்ணிரலாம்னுதான் சொன்னாருக்கா. நான்தான் வேணாம்னுட்டேன். கீழ என்ன இருக்குன்னு தெரியாத வீட்டுக்குப் போறதுக்கு, என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்ச வீடே மேல்."

அங்கேயேதான் இருக்கிறார்கள். ஜெபம் இப்போது ஹாலில். அந்த அறையில் ஏதாவது கேட்கிறதா என்று நானும் விசாரிப்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

நான் மட்டும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பழைய வீடு பார்க்கப் போனால், பட்டாவுக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன். "இந்த வீட்டுல எந்த ரூம்ல நீங்க படுக்க மாட்டீங்க?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். போன வாரம் வாழப்பாடியில் ஒருவர் சிரிக்கவில்லை.