மிதவையில் வைத்த பொட்டு

அந்தப் பொட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டைவிரல் அகலம்கூட இருந்திருக்காது. அதற்காக ஒரு மனுஷனை ஊருக்குப் போகவிடாமல் செய்தார்கள், படுபாவிகள்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசர். கடலில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கும் மிதவைகள் இருக்கின்றனவே, அவற்றைப் பழுதுபார்க்கும் அரசாங்க டெண்டர் எங்களுடையது. மிதவையைக் கரைக்குத் தூக்கிவந்து, ஒட்டியிருக்கும் சிப்பியையும் துருவையும் சுரண்டி, தேய்ந்த சங்கிலியை மாற்றி, மஞ்சள் பெயின்ட் அடித்துத் திரும்ப இறக்க வேண்டும். அதற்கு முன்னால் அதிகாரி வந்து பார்த்து பாஸ் போட வேண்டும்.

அவர் பாஸ் போட்டுவிட்டுப் போன பிறகு நம் பசங்க சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி அனுப்புவார்கள். லாரியோ கிரேனோ மிதவையோ, எங்கள் யார்டில் பொட்டு வைக்காமல் எதுவும் வேலைக்குப் போகாது. கடல் தண்ணீர் பட்டதும் அது கரைந்துவிடும். இதில் யார் குடி முழுகிப் போகிறது?

பெயின்ட் உரித்து அடிக்க அனுமதி உள்ளவன் எங்களிடம் ஒருத்தன்தான், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். அவனுடைய அக்காவுக்கு ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண்குழந்தைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவோடு கூடப்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான். தோடு வாங்க, நம் ஆட்கள் கூடும் தேக்கா கடைத்தெருவுக்கு என்னையும் இழுத்துப் போனான். கடைக்காரப் பெண் நொந்துபோகும் அளவுக்குத் தட்டுத் தட்டாக இறக்கவைத்து, கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

வியாழக்கிழமை மிதவை பாஸானால் வெள்ளி இரவு அவன் கிளம்பலாம் என்று முதலாளி லீவு கொடுத்திருந்தார். எங்கே தப்பு நடந்தது தெரியுமா? மிதவையைக் கடலில் இறக்கும்போது தான் இருக்கமாட்டோமே என்று, அதிகாரி வருவதற்கு முன்பே பொட்டு வைத்துவிட்டான். நான் அப்போது கேட்டில் அந்த மகராசனுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி நம்ம ஆள்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், வீடு செங்காங்கில். ஆனால் வேலை நேரத்தில் வாயில் ஒரு வார்த்தை தமிழ் வராது. மிதவையைச் சுற்றி வந்தவர் நின்று, டேப்லெட்டில் ஒரு படம் எடுத்தார்.

“வாட்ஸ் திஸ் ரெட் திங், அங்கிள்?”

“குங்குமம் சார். பசங்க சாமி கும்பிட்டிருக்காங்க. இதோ, துடைச்சுடுறேன்.”

ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். போயே போய்விட்டது. இருந்த தடமே தெரியவில்லை.

“சாரி அங்கிள். ஆல்ரெடி சப்மிட்டட்.”

பெயின்டில் அழுக்கு என்று ஃபெயில் போட்டுவிட்டார். ஃபெயில் என்றால் ஒப்பந்தப்படி பெயின்ட் முழுவதையும் உரித்து, மறுபடி அடித்து, காயவிட்டுக் காட்ட வேண்டும். அடுத்த முறை பார்ப்பது திங்கட்கிழமை. மனுஷன் சங்கிலியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கப்பலைப் பிடித்து நிறுத்துவது சங்கிலியா, பெயின்டா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் முதலில் இவனைத்தான் பிடித்துத் திட்டினேன். “அறிவிருக்காடா உனக்கு? அந்தாளு வந்துட்டுப் போறவரைக்கும் பொறுக்க மாட்டியா?” அவன் பெயின்ட் உரிக்கும் குழாயை இழுத்துவரப் போனான்.

முதலாளி சீனர், நல்ல மனுஷன்தான். வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்து முடித்துவிடலாம், இவனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். புது ஆள் என்றால் அவன் பெயரை அரசாங்கத்துக்குக் கொடுத்து அனுமதி வாங்க ஒரு வாரமாகும் என்றார். அதிகாரியிடம் பேசிப் பாருங்கள் என்றேன். அடுத்த டெண்டர் வருகிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்றார்.

“உங்க டெண்டரைக் கொண்டுபோய்க் கொளுத்துங்க!” என்று தமிழில் கத்தினேன். அவருக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டினார்.

“தோட்டையாவது ஊருக்குப் போறவன் யார்கிட்டயாவது குடுத்து அனுப்புடா” என்று அவனிடம் வந்து சொன்னேன்.

“வேணாம்ண்ணே. அது நான் போட்டுவிடறதுக்கு வாங்குனது.”

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களெல்லாம் தேக்காவுக்குப் போய்விட்டார்கள். அவன் யார்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போயிருந்தேன். ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். போனைப் பெயின்ட் டின்மேல் சாய்த்துவைத்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அங்கே ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் குழந்தை. பத்தர் ஊசியோடு குனிந்ததும் குழந்தை வீறிட்டது.

“மாமா இங்கதான் இருக்கேன்டா தங்கம், அழாத, அழாத...” என்று கத்தினான். குழந்தைக்கு எங்கே கேட்கும்? மஞ்சள் பெயின்ட் அப்பிய இரண்டு கையும் மடியில் விரிந்து சும்மா கிடந்தன. யாரோ வாங்கிவந்த தோட்டை அங்கே திருகினார்கள். இவன் வாங்கிய தோடு இவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார், பாஸ் போட்டார். டேப்லெட்டை மூடிவிட்டு, என் பக்கத்தில் வந்து, முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

“எங்க காருக்கும் அம்மா பொட்டு வைப்பாங்க அண்ணே. நான் வர்றதுக்கு முன்னாடியே நீங்க துடைச்சிருந்தீங்கன்னா பிரச்சினையே இல்லலா.”

தெரிந்திருக்கிறது! எல்லாம் தெரிந்துதான் ஃபெயில் போட்டிருக்கிறார்! யார்டுக்குள் திரும்பி அவனைப் பார்த்துக் கத்தினேன்.

“டேய், குங்குமத்தை எடுத்துட்டு வாடா! பாஸாயிடுச்சு. இவரு முன்னாடியே வை, நல்லாப் பெருசா வை!”

அவன் குங்குமச் சிமிழோடு வந்தான். மூடியைத் திறக்கவில்லை. மிதவையைப் பார்த்தான், அதிகாரியின் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான்.

“வேணாம்ண்ணே” என்றான். “மறுபடி போட்டோ எடுத்துடுவாரு.”